இல்லாத பள்ளத்தில் நான் கால் வைத்தது

கோலா சிலாங்கூர்,
ஆகஸ்ட் 1989

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சூசைமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கை லில்லியனின் கணவன் அம்புரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். பத்து காஜாவில் நீங்களும் அக்காவும், முக்கியமாக உங்கள் இடது முழங்காலும், சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

சென்ற கடிதத்தில் "பொம்பளப் பிள்ளைய கோலாலம்பூர் ஓட்டலுக்கெல்லாம் அனுப்பாதே, பேசாம வேலைய விடச் சொல்லு" என்று எழுதியிருந்தீர்கள். மூத்தவர் சொல்லாயிற்றே என்று நான் அதை லில்லியனிடம் வாசித்துக் காட்டினேன். அவள் "பயமா இருந்தா நீங்க கூடப் போங்க" என்று சொல்லி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். விஷயம் இதுதான். என் மகள், உங்கள் மருமகள் மவுரீன் வேலை பார்க்கும் செரண்டா தொழிற்சாலைக்காரர்கள், வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து ஒரு தலைக்கவசம் செய்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டால் இல்லாத இடமெல்லாம் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரியும். அதற்கு 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்று பெயராம். பல நாட்டுப் பேராசிரியர்கள் கூடும் மாநாட்டில் அதை இயக்கிக் காட்டும் பொறுப்பு நம் பிள்ளைக்கு. பஸ்ஸில் போகும்போதே அவள் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அப்பா, நான் கெட்டிக்காரின்னுதான் என்னைய அனுப்புறாங்க, அப்பா துணைக்கு வந்திருக்காருன்னா சிரிப்பாங்க. அங்க யாருகிட்டயும் என் அப்பான்னு சொல்லிடாதீங்க லா."

அதனால் வாசல் மேசையில் இருந்த பெண் "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டபோது, பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல், நான் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கும் ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவள் உடனே எழுந்து நின்று, 'தோட்டத் தொழில்துறைப் பிரதிநிதி' என்று அட்டையில் எழுதி என் சட்டையில் குத்தி, முதல் வரிசையில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். டத்தோ ரப்பர் விலை எப்படிப் போகும் என்று கேட்டார். நான் யோசித்துவிட்டு, "சொல்வதற்கில்லை" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு பேராசிரியர், வருங்காலத்தில் மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்க்கிற பொருளின் மேலேயே அதன் விவரமும் எழுத்தாகத் தெரியும் என்று நெடுநேரம் விளக்கினார். சம்பந்தம் பேச வருகிறவர்களைப் பார்க்க ரொம்ப உதவும் என்று நினைத்தபடியே நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது மேடையில் மவுரீன் கையில் மைக்கோடு நின்றுகொண்டிருந்தாள். யாராவது வந்து மாட்டிப் பாருங்கள் என்று அவள் கூப்பிடுகிறாள், ஒருவரும் அசையவில்லை. டத்தோ தன் சொங்கோக் தொப்பி கலைந்துவிடும் என்றார். பேராசிரியர்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மேனேஜர் மிஸ்டர் லிம்மின் முகம் கறுத்துவிட்டது. பிள்ளை மறுபடியும் கூப்பிட்டாள், அந்தக் குரல் லேசாக நடுங்கியது. மச்சான், அதற்குமேல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிடுகிடுவென்று மேடை ஏறிவிட்டேன்.

தலையில் கவசத்தையும் கையில் ஒரு கையுறையையும் மாட்டியதும் சபை மறைந்தது. எதிரே ஒரு வீடு, சின்னப் பிள்ளைகள் கலர் பென்சிலால் வரைந்தது போல. அந்நியர் வீடு என்பதால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினேன். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்றும் கேட்டேன். நிலை தாழ்வாக இருந்ததால் குனிந்து நுழைந்தேன். நான் பார்ப்பதெல்லாம் பெரிய திரையில் சபைக்கும் தெரிகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? கையுறை மாட்டிய விரலை அவள் சொன்னபடி நீட்டினேன், வீடு என்னை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது. மாடிக்குக் கைப்பிடி இல்லை. கீழே அடி தெரியாத பள்ளம். நான் அசையாமல் நின்றுவிட்டேன்.

"அப்பா, பயப்படாதீங்க. முன்னால கால வைங்க," என்று மவுரீனின் குரல் கேட்டது. சத்தியம் வாங்கியவளே மைக்கில் அப்பா என்கிறாள்.

"நீ எங்கம்மா நிக்கிற? ஓரத்துல நிக்காத, விழுந்துடுவ" என்று சொல்லி, அவளைக் காப்பாற்றத் துழாவி, கையில் அகப்பட்டதைப் பிடித்துப் பலமாக இழுத்தேன். அது மிஸ்டர் லிம்முடைய டை. அவர் என் மேலேயே வந்து விழுந்தார். சபையில் சிரிப்பு.

"அப்பா, அங்க பள்ளமே இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைய நம்புங்க."

மச்சான், என் கண் பள்ளம் என்கிறது, என் பிள்ளை இல்லை என்கிறாள். எதை நம்புவது? அந்தோணியாரை நினைத்துக்கொண்டு வெறும் காற்றில் காலை வைத்தேன். பாதத்துக்குக் கீழே ஓட்டல் கம்பளம் மெத்தென்றிருந்தது.

கவசத்தைக் கழற்றியபோது சபையே எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தது. பிறகு கவசத்துக்கு ஒரே அடிதடி. முதல் ஆளாக டத்தோ, சொங்கோக்கைக் கையில் வைத்துக்கொண்டு. இந்தத் தோட்டப் பிரதிநிதி யார் என்று அந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் இன்ஜினியர் கேட்டார். மவுரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா" என்று மைக்கிலேயே சொன்னாள். தேநீர் நேரத்தில் அந்த இன்ஜினியர், இவளை மான்செஸ்டருக்கு ஒரு வருடப் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதமா என்று என்னிடமே கேட்டார். டையைச் சரி செய்துகொண்டே மிஸ்டர் லிம்மும் தலையாட்டினார். "அவ சொல்லி நான் ஆகாசத்துலயே கால வச்சிட்டேன், இங்கிலாந்து என்ன பெரிய தூரம்? போய்ட்டு வரட்டும்" என்று நான் சொன்னதை மவுரீனே இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னாள். 

ஆகவே மச்சான், உங்கள் யோசனையை மரியாதையோடு திருப்பி அனுப்புகிறேன். எனக்குப் பயம் என்பது அந்த மாடியோடு போயிற்று. பிள்ளை தனியாகப் போவாள், தனியாக வாழ்வாள், தலைநிமிர்ந்து திரும்புவாள். இதைக் கோயிலில் எல்லோருக்கும் சொல்லவும். அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டு வாசலில் வியாதி அண்டாமல் இயேசுவின் சமாதானம் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
அஞ்சா நெஞ்சன்,
அம்புரோஸ்

பி.கு.: மான்செஸ்டரில் உங்கள் சிநேகிதர் முருகையா இருக்கிறாரே, அவர் வீட்டில் ஒரு ஆள் ஒரு வருடம் படுத்துக்கொள்ள மூலை கிடைக்குமா என்று ரகசியமாக விசாரித்து எழுதவும். எனக்குத்தான். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. மவுரீனுக்குத் தெரியாது. லில்லியனிடமும் மூச்சு விடாதீர்கள், அவளும் கிளம்பிவிடுவாள்.