கடலில் மிதந்த மரவீடு

அது திங்கட்கிழமையா செவ்வாயா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் சந்தேகம் உண்டு. ஆனால் மனிதகுலம் கடலை முழுமையாகப் பார்த்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், எங்கள் கண்காணிப்பு மையத்தில்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

பதினான்கு கேமராக்கள், இரண்டு ரேடார்கள், உடற்சூட்டை உணரும் கருவிகள் நான்கு. அவை காட்டுவதைக் கணினி பார்த்து, இது படகு, இது திமிங்கலம் என்று தீர்ப்புச் சொல்லும். படகு என்றால் என்னவென்று அதற்குக் கற்பிக்க நாற்பதாயிரம் படங்கள் காட்டினோம். எல்லாம் ஜூலையில் எடுத்தவை. ஜூலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும். படகுகளும் காலியாக இருக்கும்.

நவம்பர் கடைசியில் சிங்கி இறால் பருவம் தொடங்கும். அன்று எங்கள் ஊர்ப் படகுகள் இறால் பிடிக்கும் மரக்கூண்டுகளை மூன்று ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு நல்ல இடம் பிடிக்க ஓடும். அந்த வருடம் அந்த நாள் காலை ஒன்பது மணிக்கு மீனவன் கர்டிஸின் மனைவி வெர்னா தொலைபேசியில் கத்தினாள்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரோட இன்ஜின் நின்னுபோச்சு. ரேடியோவும் செத்துப்போச்சு. படகு பாறைப் பக்கம் போகுது. சமையலறை ஜன்னல்லேர்ந்து பாக்குறேன். மீட்புப் படகை அனுப்பு!”

“அங்க படகே இல்லையேம்மா. ஒரு மரவீடுதான் இருக்கு. தொண்ணூத்தேழு சதவீதம் உறுதி.”

“கடல்லயா?”

“ஆமாம்மா.”

“அந்த வீட்டு மேல மஞ்சக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் கையை ஆட்டுறானே, அவன் யாரு? உன் மாமனாரா?”

இயக்குநர் கார்ல்டனிடம் ஓடினேன். அவர் ஆழ்ந்து சிந்தித்தார்.

“வீடு நகராதுப்பா. நகர்ந்தா அது ‘கருவிப் பிழை’. நீக்கிடு.”

நீக்கினேன். கடல் மிகவும் சுத்தமாகிவிட்டது.

“சார், ஜன்னல் மறைப்பை விலக்கி ஒருதரம் பாத்துடலாமா?”

“வெயில் உள்ள வந்தா கணினியில ஒண்ணும் தெரியாது. அப்புறம் கடலை எப்படிப் பாக்குறது?”

மறைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுத் தொலைபேசிக்குத் திரும்பினேன். மறுமுனையில் வெர்னா இன்னும் இருந்தாள்.

“ஃபோனை வெச்சுடு தம்பி. பிரெண்டன் தன் படகைத் திருப்பிட்டான்” என்றாள்.

பிரெண்டன் பதினோரு வருடமாகக் கர்டிஸோடு பேசாதவன். அவ்வளவு பாரத்தோடு பாறையை நெருங்க முடியாது என்று தன் கூண்டுகளையெல்லாம் படகுப் பாதையிலேயே தள்ளிவிட்டுப் போய்க் கயிறு வீசினான்.

“பிடிடா, முட்டாப்பயலே!” என்று அவன் கத்தியது கரைவரை கேட்டதாம். பதினோரு வருடத்தில் அவர்களுக்குள் முதல் பேச்சு.

கூண்டுகள் போனதும் பிரெண்டனின் படகு அச்சு அசலாக ஜூலைப் படகாகிவிட்டது. எங்கள் கணினி உடனே விழித்துக்கொண்டது. ‘படகு: ஒன்று. குற்றம்: படகுப் பாதையில் கூண்டு கொட்டியது.’ படம் அவ்வளவு தெளிவு.

கர்டிஸும் அவனுடைய ஆட்கள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். வெர்னா இப்போது எங்களைக் கூப்பிடுவதில்லை. அந்தப் பருவத்தில் எங்கள் எல்லைக்குள் எந்தப் படகும் ஆபத்தில் சிக்கவில்லை என்பதற்காகக் கார்ல்டனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பிரெண்டனின் உரிமம் ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. அந்த உத்தரவில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.