ஜன்னல் ஓரம் யாருக்கு?

பட்டன் கண்ணெதிரேதான் இருந்தது. டிசைனரின் மனைவி அதை மட்டும் விட்டுவிட்டு, திரையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலமா ஏதோ கோடு இருக்கு. அழகாத்தான் இருக்கு. எதுக்குன்னுதான் தெரியல," என்றாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த டிசைனர் வாயைப் பொத்திக்கொண்டார். 'அது கோடு இல்லம்மா, அதுதான் பட்டன்' என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் சொல்லக்கூடாது. பரிசோதனையின் விதி அப்படி. இணையதளத்தைப் பயன்படுத்துகிறவர் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை வடிவமைத்தவர் போனை அணைத்துவிட்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எதிரே இருப்பவர் தடுமாறினால் தப்பு அவருடையதல்ல, தளத்துடையது. கல்யாணமான ஆண்கள் எல்லாருக்கும் கட்டாயமாக்க வேண்டிய விதிதான். டிசைனருக்கு அது ஆபீசில்தான் கிடைத்தது.

தீவுகளுக்குப் படகு விடும் முதலாளி ஒருவர் டிக்கெட் விற்கத் தளம் கேட்டிருந்தார். "கம்ப்யூட்டர் படிச்சவங்க வாங்கறது பெரிய விஷயமில்ல. வீட்டுல இருக்கற ஒரு ஆளு யாரையும் கேக்காம டிக்கெட் எடுக்கணும். இல்லேன்னா நான் வேற கம்பெனி பார்த்துக்கறேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆபீசில் இருப்பவர்கள் அந்தத் தளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்குவார்கள், அவர்களால் பிரயோஜனமில்லை. அதனால் டிசைனர் சாயங்காலங்களில் வீட்டில் தன் மனைவியைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் வேலையும் அந்தப் படகில்தான் ஏறியிருந்தது.

"எங்கே போக வேண்டும்னு கேக்குது," என்று மனைவி படித்தாள். "எங்கேன்னு சொல்றது? இத்தனை வருஷத்துல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லையே."

டிசைனர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். எதைக் குறிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டார்.

"கடைசித் தீவுன்னு ஒண்ணு இருக்கு. அங்கயே போவோம். போறது போறோம், பாதியில எதுக்கு இறங்கணும்? கலங்கரை விளக்கம் இருக்காம். மேல ஏற விடுவாங்களான்னு தெரியல. விட்டாலும் அவர் ஏற மாட்டார். கீழ நின்னு போன்ல பேசிட்டிருப்பார்."

அவர் பின்னால் இருப்பதை மறந்து சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று விளங்கவில்லை. மகள் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போனபின் அந்த வீட்டில் பேச்சு என்பது கேஸ் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. கல்யாணமான புதிதில் இவள் பேசி முடிக்கட்டும் என்பதற்காகவே வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தக் குரல் எங்கேயும் போய்விடவில்லை, இதே வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் பட்டனைப் பெரிதாக்கினார். அன்று இருக்கைப் படம் புரியவில்லை என்றாள். அதையும் எளிமையாக்கினார். அதற்கடுத்த நாள் மனைவி தடதடவென்று அமுக்கினாள், டிக்கெட் வந்துவிட்டது.

"முடிஞ்சுதுங்க. இப்பதான் நல்லா இருக்கு," என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டிய மனிதர் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"இன்னிக்கு என்ன சமையல்?" என்று இங்கிருந்தே குரல் கொடுத்துப் பார்த்தார்.

"நேத்து வச்சதுதான்."

பேச்சு அத்தோடு தீர்ந்தது. வேறு என்ன கேட்பது என்று யோசித்தார், கேஸைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகத் தன் தொழிலுக்குத் துரோகம் செய்தார். தளத்தில் முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போகும் பட்டனை எடுத்துவிட்டார். ஒருவரைத் திணறடிக்காமல் இருப்பது எப்படி என்று காலமெல்லாம் படித்தவருக்கு, திணறடிப்பது எப்படி என்று தனியாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னங்க, தப்பான தீவுக்கு வந்துட்டேன், திரும்பவே முடியல," என்றாள், இன்னும் ஒரு தரம் பார்க்கச் சொன்னதும் மறுபடி வந்து உட்கார்ந்த மனைவி. "சரி, வந்தது வந்தாச்சு, இங்க என்ன இருக்குன்னு பார்ப்போம்." அந்தத் தீவில் அவள் நெடுநேரம் சுற்றினாள். டிசைனர் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே சுற்றினார்.

ருசி கண்டுவிட்டது. அடுத்ததாகக் காலண்டரை மாற்றி, மாதங்கள் பின்னோக்கி ஓடும்படி செய்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கே பிடிபடாத விஷயங்கள் தளத்தில் நடக்க ஆரம்பித்தன. டிக்கெட் எடுக்கும் இடத்தில் அவர் வைக்காத கேள்வி ஒன்று முளைத்திருந்தது.

"கூட வருபவர் உங்களுக்கு யார்?" என்று மனைவி வாசித்தாள். "கணவர்னு ஒரு கட்டம் இருக்கு. நண்பர்னும் ஒண்ணு இருக்கு. முன்னாடி அவர் அப்படித்தான் இருந்தார். ரெண்டையும் அமுக்கலாம்னு பார்த்தா ஒண்ணுதான் விடுது."

டிசைனர் அன்று எதையும் குறிக்கவில்லை. மறுநாள் காலை நேராக ப்ரோகிராமர் பெண்ணிடம் போனார். தளத்தை இயக்கிவைப்பது அவள்தான். சாயங்காலங்களில் அவர் போனை அணைத்துவிடுவதால், அவசரம் என்றால் அவர் மனைவியின் போனுக்கு அடிப்பாள். சேதி சொல்ல அரை நிமிஷம் ஆகும், அக்கா அக்கா என்று அவர் மனைவியோடு பேசி முடிக்க அரை மணி.

"இந்தக் கேள்வியை யாரும்மா சேர்த்தது?"

"மேலிடத்து உத்தரவு சார்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படகு முதலாளிக்கு இப்படியும் தோன்றுமா என்று முனகிக்கொண்டே டிசைனர் அதை நீக்கினார். தேவையில்லாததைக் கேட்காதே என்பது அவர் தொழிலின் முதல் பாடம். நீக்கிய சாயங்காலமே இன்னொன்று வந்து நின்றது.

"கடைசியாக இருவரும் சேர்ந்து எப்போது பயணம் செய்தீர்கள்? வருஷத்தைத் தேர்ந்தெடுக்கவும்." மனைவி பட்டியலைக் கீழே கீழே இழுத்தாள். "இவ்வளவு பழைய வருஷம் இதுல இல்லையேங்க."

அதை நீக்கினார். அடுத்தது வந்தது.

"ஜன்னல் ஓரம் யாருக்கு?" மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எனக்குத்தான் வேணும். ஆனா அவருக்கும் ஆசை இருக்கும். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். போகும்போது நான் உக்காந்துக்கறேன், வரும்போது அவர் உக்காரட்டும்."

'ரெண்டு வேளையும் நீயே உக்காரு' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது டிசைனருக்கு. சொன்னால் பரிசோதனை முடிந்துவிடும். அவள் எழுந்து போய்விடுவாள். அந்தக் கேள்வியை நீக்க அவருக்கு மனம் வரவில்லை. பழைய கேள்விகளையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

சொல்லாமல் கொள்ளாமல் படகு முதலாளி ஆபீசில் வந்து நின்றது அதற்கு மறுநாள்தான்.

"நானே ஒரு டிக்கெட் எடுத்துப் பார்க்கறேன்," என்று உட்கார்ந்தார். தப்பான தீவை அமுக்கினார், திரும்ப வழியில்லை. தேதி தேடினார், காலண்டர் அவரைப் போன வருஷத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒருவழியாகத் தப்பித்து வந்தவரிடம், கூட வருபவர் யார் என்று தளம் கேட்டது.

"என் கூட யாரும் வரலயே," என்றார் முதலாளி.

தளம் விடவில்லை. கடைசியாக இருவரும் சேர்ந்து எப்போது போனீர்கள் என்று கேட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏன் சார், டிக்கெட் குடுன்னா குடும்பக் கதை கேக்குது?" என்று எழுந்தார். "நாளைக்குச் சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள இது டிக்கெட் குடுக்கணும். இல்லேன்னா நீங்க எனக்கு வேண்டாம்."

அவர் போனபின் அறையில் டிசைனரும் ப்ரோகிராமரும் மட்டுமே இருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க சார். சரியா ஓடின பழைய தளம் அப்படியே இருக்கு. இப்பவே ஏத்திடறேன்," என்றாள் ப்ரோகிராமர்.

வேலை பிழைத்தது. டிசைனர் அதற்காகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "இதை ஏத்திட்டா பரிசோதனை முடிஞ்சுதுல்ல?" என்றார்.

"ஆமா சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? கெடுத்தது நான்தாம்மா. எல்லாம் சரியா இருந்தப்ப, அவ முடிஞ்சுதுன்னு எழுந்து போயிட்டா. எனக்கு அவ பேசறதைக் கேக்கணும்போல இருந்தது. பேசுன்னு சொல்லிக் கேக்கத் தெரியல. அதனால தளத்தைக் கெடுத்தேன். நான் ஒண்ணு கெடுத்தா அது தானா ஒம்பது கெட்டுப்போச்சு."

ப்ரோகிராமர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கெடுத்தது காலண்டரையும் அந்தப் பட்டனையும் மட்டும்தான் சார். கேள்வியெல்லாம் மத்தியானத்துல அக்கா எனக்கு போன் பண்ணி ஒண்ணொண்ணா வைக்கச் சொன்னது. 'எல்லாம் சரியாயிட்டா அவர் எழுந்து போயிடுவாரும்மா'ன்னாங்க."