மிஸ்கோலாரின் பதினொரு ரிங்

தொலைபேசியைக் கண்டுபிடித்த மனிதரை உலகம் முழுக்கத் தெரியும். அதைக் காசு செலவழிக்காமல் பாவிப்பது எப்படி என்று கண்டுபிடித்த மனிதரைத்தான் ஒருவருக்கும் தெரியாது. அவர் யாழ்ப்பாணத்து அளவெட்டியில், எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு நேரெதிரே இருக்கிறார். இளைப்பாறிய கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குக் கடிதம் வந்தால் தபால்காரரே படலையில் நின்று, "இது ஆர்?" என்று கேட்பார். ஊருக்கு அவர் மிஸ்கோலார்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். செத்தவீட்டுக்குப் பந்தல் போட வேண்டுமா, முதல் ஆளாக நிற்பார். கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டையைத் தானே தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பார். அவருடைய பகை எல்லாம் போன் கம்பனிகளோடு மட்டும்தான்.

"கதைக்கிறது நான். கேக்கிறது நீர். நடுவிலை நிக்கிறவனுக்கு ஏன் தம்பி காசு?" என்பார்.

"அவங்கள்தானே அண்ணை டவர் கட்டி வைச்சிருக்கிறாங்கள்."

"அவங்களை ஆர் கட்டச் சொன்னது?"



அவருடைய முறை இதுதான். கோல் எடுப்பார், ரிங் போகும், மற்றவர் எடுக்கமுதல் வெட்டிவிடுவார். எத்தனை ரிங் என்பதில் இருக்கிறது சேதி. எனக்கு ஒரு ரிங் வந்தால் 'பேப்பர் வாசித்து முடிந்ததா' என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் 'படலையைத் திற, வாறன்.' இத்தனைக்கும் மனிதர் தன்னுடைய வீட்டுப் படலையில் நின்றுதான் அடிப்பார். அங்கிருந்து என் படலை பத்தடி. கூப்பிட்டால் கேட்கும். ஆனால் வயதானவர் தொண்டையைச் செலவழிக்கலாமா என்பது அவருடைய நியாயம்.

சுன்னாகம் சந்தையில் நின்றபடி மனைவி பூரணமக்காவோடு மரக்கறி பற்றி ஒரு மாநாடே நடத்துவார், ஒரு சொல் பேசாமல். பூரணமக்கா ஒரு ரிங் விட்டால் பயத்தங்காய், இரண்டு விட்டால் கத்தரிக்காய், மூன்று விட்டால் முருங்கைக்காய். ஒருநாள் குசினியில் அக்காவின் போன்மேல் ஒரு தேங்காய் உருண்டு விழுந்து, அதுபாட்டுக்குக் கோல் போய், ஒன்பது ரிங் அடித்துவிட்டது. மிஸ்கோலார் அரைவாசிச் சந்தையோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். மிச்சத்தைப் பங்கு போட்டதில் வாழைப்பூப் பொத்தி ஒன்று என் மடியிலும் விழுந்தது.

"ஒன்பது எண்டால் எல்லாம் எண்டுதானே தம்பி அர்த்தம்?" என்றார்.

இதில் இன்னொரு விசேஷம். நாங்கள் கோல் எடுத்தால், அதாவது எங்கள் காசு ஓடினால், மனிதர் அப்படிக் கதைப்பார். ஆடு குட்டி போட்டதில் தொடங்கி அரசியலில் புகுந்து வெளியே வர முக்கால் மணித்தியாலம் ஆகும்.

இப்படிப்பட்டவர் லண்டனுக்குப் போக வேண்டி வந்தது. அவருடைய ஒரே மகள் அங்கே. கலியாணமாகி எட்டு வருசம். இரண்டு தரம் தரித்துத் தங்காமல் போய், இது மூன்றாவது. தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்றால் தைரியம் என்று இரண்டு பேருக்கும் விசாவுக்குப் போட்டார்கள். அவருக்குக் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைப்பேறு பார்க்கத் தாயை விட்டுவிட்டுத் தகப்பனைக் கூப்பிடுகிற நியாயம் அந்த விசாக் கந்தோர்க்காரருக்குத்தான் வெளிச்சம். அக்கா அடுத்த நாளே அடுப்பை மூட்டினா. சரக்குத்தூளை வறுத்து இடித்துப் பொதி பண்ணி, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி எப்படிக் காய்ச்சுவது என்று மனிதருக்கு இரண்டு கிழமை வகுப்பு எடுத்தா.

மிஸ்கோலார் படித்தது வேறு பாடம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. திருவிழாவுக்கு வந்தவர், காணி பார்க்க வந்தவர் எல்லாரையும் மறித்து ரோமிங் பற்றி விசாரித்தார். இங்கத்தைய சிம்மோடு அங்கே போய்க் கோல் எடுத்தாலும் காசு, வந்த கோலுக்குப் பதில் சொன்னாலும் காசு, டேட்டாவை நிப்பாட்டாவிட்டால் நாம் நித்திரை கொள்ளும்போதும் காசு. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு மனிதர் மெலிந்தே போனார். மிஸ்கோலுக்கு மட்டும் காசில்லை என்று ஒருவர் சொன்ன அன்றுதான் முகம் மலர்ந்தது.

"பாத்தீரோ தம்பி, நான் படிச்ச படிப்பு லண்டனிலையும் செல்லும்."

அங்கத்தைய சிம் ஒன்றை வாங்கினால் மலிவு என்று சொன்னேன். ஒரு தலைக்கு ஒரு சிம் போதுமாம். அக்காவுடையது பட்டன் போன், அதில் வாட்ஸப் இல்லை, ஆகையால் என் போனுக்கு எடுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் மனிதர் கொஞ்சம் யோசித்தார்.

"மற்றக் கதையெண்டால் சரி தம்பி. பிள்ளைப்பெறு விசயம். உம்மடை போனை வைச்சுக்கொண்டு அவ என்னெண்டு வடிவாய் அழுறது?"

புறப்படமுதல் நாள், கலண்டரில் புதிய அட்டவணை எழுதி ஒட்டினார். நானும் அங்கே இருந்தேன். ஒரு ரிங் என்றால் பெடியன். இரண்டு என்றால் பெட்டை. மூன்று என்றால் இன்னும் இல்லை, பொறு. எந்தக் காரணம் கொண்டும் அக்கா போனை எடுக்கக்கூடாது.

"கூடாமல் ஏதும் எண்டால் எத்தினை ரிங்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டா.

"அதுக்கு நம்பர் இல்லை," என்றார். பேனையை மூடிப் பொக்கற்றில் செருகிவிட்டு எழுந்து போய்விட்டார்.

விமானம் மாறுகிற இடத்தில் போனைத் திறந்திருக்கிறார். 'எங்கள் நாட்டுக்கு நல்வரவு' என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. கேட்காமலே வரவேற்கிறான் என்றால் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று பயந்து, போனை நிப்பாட்டி, ஒரு சாறத்தில் மூன்று சுற்றுச் சுற்றிப் பைக்குள் வைத்தாராம். லண்டன் போய்ச் சேர்ந்ததும், அக்காவுக்கு மிஸ்கோல், எனக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு என்று ஒழுங்கு பண்ணிக்கொண்டார். மகள் வீட்டில் வைஃபை இருந்தும், மருமகன் காசில் கதைப்பது மரியாதை இல்லை என்று இலவச வைஃபை தேடித் திரிந்தார்.

"தம்பி, பஸ் நிப்பாட்டுற இடத்திலை நிக்கிறன். இஞ்சை வைஃபை சும்மா. ஒரே ஒரு கரைச்சல், பஸ் எல்லாம் எனக்காக நிக்குது. நான் ஏறுறேல்லை எண்டு கையைக் காட்டுறன். அவங்கள் திருப்பிக் கையைக் காட்டுறாங்கள். நல்ல சனம்."

ஐந்தாவது கிழமை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். பூரணமக்கா ஒழுங்கையைக் கடந்து ஓடிவந்தா. கையில் போன், அது அடித்துக்கொண்டே இருக்கிறது. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று எனக்குக் காலையிலேயே பதிவு வந்திருந்தது.

"எண்ணும் தம்பி, நான் நாலிலை விட்டிட்டன்."

அங்கிருந்து எண்ணினேன். பதினொன்றில் நின்றது. ஒருவரும் வெட்டவில்லை, தானாகவே நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடியும் பதினொன்று.

"பதினொண்டுக்கு என்ன தம்பி?"

"அட்டவணையிலை இல்லையே அக்கா."

அக்கா என் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தா. "கூடாததுக்குத்தான் நம்பர் இல்லை எண்டவர்," என்றா. அதுவரை எனக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது. எடுங்கள் அக்கா என்றேன். மனிதர் எடுக்க வேண்டாம் என்றவர் என்றா. மூன்றாம் தரம் அடித்தபோது அக்காவின் விரல் தானாகவே பச்சைப் பட்டனில் போய் விழுந்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளை..."

"ஏன் எடுத்தனீர்? வையும், வையும்," என்று லண்டனிலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. வெட்டியும் விட்டார்.

அக்கா போனை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

"குரல் எப்பிடித் தம்பி இருந்தது?"

"வழமையான குரல்தான். ஏசுற குரல்."

"ஏசுறாரெண்டால் பிள்ளைக்குச் சுகம்தான்," என்றா அக்கா. சொல்லும்போதே கண்ணால் நீர் ஓடியது. எனக்கு மிஸ்கோலாரின்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. லண்டனில் இருந்ததால் தப்பினார்.

நாலாவது தரம் அடித்தது. அக்கா முதல் ரிங்கிலேயே எடுத்தா. இந்தமுறை அவர் வைக்கச் சொல்லவில்லை.

"இஞ்சரும்," என்றார். "சுகமாய்ப் பிறந்திட்டுது. ரெண்டு பேரும் சுகம். நீர் பயந்துபோனீரோ? நான் ஒரு விசரன்."

அதற்குப் பிறகு அங்கேயிருந்து விம்மல் மட்டும் கேட்டது. வாழ்நாளில் ஒரு கோலில் ஒரு நிமிடம் தன் காசில் கதைக்காத மனிதர், கடல் கடந்த கோல் ஒன்றில் ஒன்றும் கதைக்காமல் அழுதுகொண்டிருந்தார். அக்காவும் இங்கே அழுதா. நான் எழுந்து போய்க் கோழிகளுக்கு இரண்டாம் தரம் தீன் போட்டேன்.

பதினொரு ரிங்கின் மர்மம் அந்தக் கோலில்தான் துலங்கியது. அதற்கு முந்தின நாள் போன் கம்பனியின் பதிவுக் குரல் ஒன்று அக்காவுக்கு வந்து, பாட்டு வேண்டுமென்றால் ஒன்றை அமத்தச் சொல்லியிருக்கிறது. அக்கா அதை வெட்டுகிறேன் என்று நினைத்து ஒன்றைத்தான் அமத்தியிருக்கிறா. அன்றிலிருந்து அவவுக்குக் கோல் எடுப்பவர் காதில் ரிங் கேட்காது, நாதஸ்வரம் கேட்கும். மிஸ்கோலாரோ நாதஸ்வரமும் தவிலும் கேட்டே வளர்ந்த அளவெட்டியான். தவில் சத்தத்துக்கு நடுவில் எது ஒரு ரிங், எது இரண்டு ரிங் என்று தெரியாமல் முதலில் தடுமாறியிருக்கிறார். பிறகு, தவில்காரன் காலப்பிரமாணத்தைக் கொஞ்சம் இழுக்கிறானே என்று கவனிக்கத் தொடங்கிவிட்டார். மற்ற ஊர்க்காரன் என்றால் வெட்டியிருப்பான். இவர் முடியுமட்டும் நின்று கேட்டார். சந்தேகம் தீர இரண்டாம் தரமும் எடுத்துக் கேட்டார்.

அரை மணித்தியாலம் கழித்து அக்கா போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தா.

"பெடியனோ, பெட்டையோ அக்கா?"

அக்கா என்னைப் பார்த்தா. "அதைக் கேக்க மறந்துபோனன் தம்பி."

அவருடைய பக்கத்திலும் அதே மறதிதான். நாலு தரம் எடுத்த மனிதர், எதைச் சொல்ல எடுத்தாரோ அதைச் சொல்லவில்லை. பொறுமை கெட்டு நானே என் போனிலிருந்து அவருடைய நம்பருக்கு எடுத்தேன்.

"தம்பி, உமக்கும் ஓடுது, எனக்கும் ஓடுது," என்றார் எடுத்த எடுப்பில்.

"ஓடட்டும் அண்ணை. என்ன பிள்ளை?"

"உமக்குச் சொல்லமாட்டன். அவவிட்டைக் குடும்."

கொடுத்தேன். அக்கா காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தா. முகம் மெல்ல விரிந்தது. "பெட்டையோ," என்றா. "என்னைப் போலையோ? போங்கோ, பிறந்த பிள்ளையிலை உங்களுக்கு என்ன தெரியும்?" பிறகு போனைக் காதோடு இறுக்கி அமத்திக்கொண்டு, கண்ணை மூடினா. அங்கே குழந்தை அழத் தொடங்கியிருந்தது. அவர் போனை அதன் வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஒருவரும் கதைக்கவில்லை, ஒருவரும் வெட்டவில்லை, பேத்தி நன்றாக அழுது முடிக்குமட்டும் கோல் போய்க்கொண்டே இருந்தது.

அன்றைக்கு என் போனில் எவ்வளவு காசு வெட்டினார்கள் என்று நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த மனிசனுக்கென்றால், இன்னொரு தரம் எடுத்தாலும் பார்க்கமாட்டேன்.