இன்ஸ்பெக்‌ஷன் பழக்கம்

"மாடு எங்க இருக்கு, காட்டு பாப்பா."

டாக்டர் பிரீதா படப்புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்தார். ஆறு வயது பிரிசில்லா படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அம்மாவின் விரலைப் பார்த்தாள். விரல் மாட்டைக் காட்டியது. பிரிசில்லாவின் கை மாட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

டாக்டர் தலை நிமிராமல் ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

விரலுக்குச் சொந்தக்காரியான ஜெயராணி, மேல்பட்டாம்பாக்கத்தில் தொடக்கப்பள்ளி டீச்சர். பதினாலு வருஷ சர்வீஸ். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டால், அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று விரலாலும் உதட்டாலும் விடையைச் சொல்லிக் கொடுப்பது டீச்சர் குலத்துக்கே உரிய தர்மம். அதற்கு யோசனையெல்லாம் தேவையில்லை, கை தானாகவே போகும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சாக்பீஸ் பழக்கம் அதையும் தாண்டும்போலிருக்கிறது.

ஆனால் இன்றைக்கு விடை சொல்லிக் கொடுத்தால் குடி முழுகிவிடும் என்பது ஜெயராணிக்கே தெரியும்.

பிரிசில்லாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசமாக இருக்கலாம், வாரம் மூன்று நாள் அழைத்து வாருங்கள் என்று சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள், பிறவியிலேயே இருப்பதற்கெல்லாம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது அரசாங்க இன்சூரன்ஸ் ஒன்றுதான். அப்படி ஒன்று இருப்பதே அந்த 2010-ல் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். சர்ட்டிபிகேட்டுக்குத்தான் கடலூரில் இந்த முகாம். இதை விட்டால் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டால், கேட்டவரை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அதனால் பஸ்ஸில் வரும்போதே புருஷன் ராபர்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"ராணி, இன்னிக்கி நம்ம பொண்ணு பாஸாவக் கூடாது. அவளுக்கு வராதத வரலன்னு டாக்டர் எழுதணும். நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

"தொறக்க மாட்டேங்க."

விரலைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது ராபர்ட் அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து கிசுகிசுத்தான். "என்ன காரியம் பண்ற நீ?"

"கை தானா போயிடிச்சிங்க."

"அடுத்ததுல சரி பண்ணு."

"மரம் எங்க பாப்பா?" என்றார் டாக்டர்.

ஜெயராணி சரி பண்ணினாள். மரத்தை விட்டுவிட்டுப் பஸ்ஸைக் காட்டினாள். பிரிசில்லா அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்து, மரத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

ஜெயராணிக்கு நெஞ்சு பூரித்துப்போனது. "பாத்தீங்களா டாக்டர், தப்பாக் காட்டினாக்கூட ஏமாற மாட்டா."

"யாரு தப்பாக் காட்டினது?" என்றார் டாக்டர்.

ராபர்ட் தலையில் கைவைத்துக்கொண்டான். டாக்டர் மறுபடியும் குறித்துக்கொண்டார்.

இனிமேல் மகளைக் குறைத்துப் பேசினால்தான் காரியம் ஆகும் என்று ஜெயராணி முடிவு பண்ணினாள். "அதெல்லாம் குருட்டாம்போக்குல வர்றது டாக்டர். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பேரு சொல்லிக் கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டா." பெற்ற பெண்ணைத் தன் வாயாலேயே மட்டம் தட்டுகிற கொடுமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

"எங்க, கூப்பிடுங்க."

"பிரிசில்லா. பிரிசில்லா கண்ணு."

பிரிசில்லா மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக ராபர்ட் மூச்சு விட்டான்.

"அப்ப வீட்ல சாப்பிட எப்படிக் கூப்பிடுவீங்க?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் ஒரு டீச்சர் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? ஜெயராணி மேஜையில் மூன்று தரம் தட்டினாள். பிரிசில்லா விறுவிறுவென்று வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கழுவிவிடு என்பதுபோல இரண்டு கையையும் நீட்டினாள்.

"இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லிங்க. தானாவே..."

இப்படியே இன்னும் அரைமணி நேரம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஜெயராணி எதையாவது மறைக்கப் பார்த்தாள், அது இரண்டாக வெளியே வந்தது. கடைசியில் டாக்டர் தாளை மேஜையில் வைத்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். தலைகீழாக இருந்தாலும் டிக் மார்க்கை எண்ணத் தெரியாத டீச்சர் உலகத்தில் இல்லை. பத்து கட்டத்தில் எட்டு டிக்.

சர்ட்டிபிகேட் போயிற்று. இன்சூரன்ஸ் போயிற்று. சிதம்பரமும் போயிற்று.

"டாக்டர், அத அடிச்சிடுங்க. அது அவ மார்க்கு இல்ல, என் மார்க்கு." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "விரலப் பாக்க வைக்கவே நாலு மாசம் ஆச்சி. விரல் நுனில வெல்லத்தத் தடவித் தடவிக் காட்டினேன். தட்டினா வரணும்னு ஆறு மாசம், தெனம் சோத்துத் தட்ட வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்த ட்ரெய்னிங்லயும் எனக்கு இத சொல்லிக் குடுக்கல, நானே கண்டுபுடிச்சது. எம் பொண்ணு கெட்டிக்காரிதான் டாக்டர், இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா பேச்ச மட்டும் என்னால குடுக்க முடியல. அதுக்குத்தான் வந்தேன்."

டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க. பாப்பா இங்கயே இருக்கட்டும்."

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ராபர்ட், "வாயத் தொறக்காதன்னுதான சொன்னேன்" என்றான்.

ஜெயராணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மரத்துமேல விரல வெச்சா, பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்." கோபமாகத்தான் ஆரம்பித்தான், பாதியிலேயே சிரித்துவிட்டான். "இழுத்துக்கிட்டுல்ல போனா. உன்னயே திருத்திட்டா."

டோக்கன் கூப்பிடுகிற ஆயா சவரியம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்து அதே தாளை நீட்டினாள். "டீச்சர், அடியில ஒரு கையெழுத்து போடுங்க."

ஜெயராணி பேனாவைத் தொடவில்லை. "பொண்ணுக்கு சர்ட்டிபிகேட் கெடையாதுன்னு எழுதியிருக்காங்களா?"

"பாப்பாவ இப்பதான் உள்ள பாக்கவே ஆரம்பிச்சிருக்காங்க," என்றாள் சவரியம்மாள். "இது பெத்தவங்க வீட்ல எப்படி சொல்லிக் குடுக்கறாங்கன்னு அம்மாங்களுக்கு வெக்கிற டெஸ்ட்டு டீச்சர், காலையிலேருந்து வந்ததுல நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."