டீலக்ஸ் காரும் முகூர்த்தச் சேலையும்

எனக்குக் கூச்சம் அதிகம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் ஒரு கேள்வி கேட்பதைவிட, தப்பாகவே செய்துவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அப்படிச் செய்த தப்புகளில் பெரியது, என் கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஒரு காருக்குள் நடந்தது.

அறுபதுகளின் கடைசி. ஆரணியில் ஒரு பட்டு வியாபாரக் குடும்பத்தில் எனக்கு நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தச் சேலையை எங்கள் அப்பாவின் தறியிலேயே நெய்யச் சொல்லியிருந்தார்கள். அதைப் பெருமாள் பாதத்தில் வைத்து எடுத்துப்போக, வருங்கால மாமனாரும் மாமியாரும் காஞ்சிபுரத்துக்குப் புதுக் காரில் வந்தார்கள். சின்னக் கார்தான். ஆனால் டீலக்ஸ்.

மாமனார் எங்கள் தெருவையே நிற்க வைத்து விளக்கினார். சாதாவில் கடிகாரம் கிடையாதாம். சிகரெட் பற்றவைக்கும் குமிழ் கிடையாதாம். வெயில் மறைப்பு ஓட்டுகிறவருக்கு மட்டும்தானாம். சீட்டு சாதாவில் ரெக்சின், இதில் சுத்தத் தோல். (விற்றவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.) எனக்குச் சட்டென்று புரிந்தது: சேலை ஒன்றுதான், ஜரிகைதான் வேறு.

அப்பா சைக்கிளில் கோயிலுக்கு முன்னே போய்விட்டார். பின் சீட்டில் மாமியாரும் தட்டுகளும். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட்டு; அதில் நான், மடியில் சேலை. வழியில் மாமனார் பூ வாங்க இறங்கினார். மாமியார் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: "சுத்தப் பட்டுதானா கண்ணு? இப்பல்லாம் கலந்துடறாங்களாமே."

அப்பாவின் பேர் போச்சு, கல்யாணமும் போச்சு. வாய்க்கு முன்னால் கை வந்தது. மடியிலிருந்த சேலையின் முந்தானை நுனியில் ஒரு இழையை உருவினேன். தறிக்காரர் வீட்டில் இதற்குக் கொளுத்திப் பார்ப்பதுதான் சோதனை. பட்டென்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், தொட்டால் பொடியாகும். கலப்படம் உருகி ஒட்டிக்கொள்ளும். தெருவில் மாமனார் காட்டியபடி குமிழை அழுத்தினேன். சற்று நேரத்தில் டக்கென்று வெளியே வந்தது. அதைப் பிடுங்கி, சிவந்த முனையில் இழையை வைத்தேன். நாற்றம் சரியாக வந்தது. மாமியார் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

குமிழை எங்கே வைப்பது? கேட்கக் கூச்சம். சீட்டில் வைத்தேன்.

புகையைப் பார்த்து எடுப்பதற்குள் எட்டணா அகலத்துக்கு ஓட்டை. நகர்ந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பாழாய்ப்போன ஓட்டை, சீட்டுக்கு நட்ட நடுவில் இருந்தது. பூவோடு வந்த மாமனார், தம் இடத்தை ஒட்டி வருங்கால மருமகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு தம் பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டே ஓட்டினார். மாமியார் பின்னால் தட்டுகளைச் சரிசெய்துகொண்டு வந்தார். ஊரே எங்களைப் பார்ப்பதுபோல இருந்தது.

கோயில் வாசலில் நான் இறங்கவில்லை. அப்பா கூப்பிட்டார், அதட்டினார், கெஞ்சினார். மாமனார் முகம் மாறிவிட்டது. "பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்கபா" என்றார். நான் அழ ஆரம்பித்தேன்.

மாமியார்தான் நிதானமாகச் சொன்னார். "அது எழுந்திருக்காது. உங்க தோலு உருகிப்போச்சி. அதும்மேல குந்திக்கினு இருக்குது."

"தோலு எப்பிடி உருகும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். பட்டு சுத்தம். உங்க சீட்டுதான் கலப்படம்."

கல்யாணம் நடந்தது. அந்த ஓட்டையை மாமனார் கடைசிவரை அடைக்கவில்லை. காரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கடிகாரம், குமிழ் எல்லாம் காட்டிவிட்டு, ஓட்டைக்குள் விரலை விட்டு, "இது டீலக்ஸ்லயும் கிடைக்காது. எங்க மருமவ போட்டது" என்பார்.

போன வருஷம் என் மகன் கார் வாங்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனான். விற்கிறவர், "சீட்டெல்லாம் லெதர்" என்றார். குடும்பமே திரும்பி என் கையைப் பார்த்தது. நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.