"சும்மா இருக்கிறாள்" என்று தட்ட மறுத்தவர்

பாலினம், பாலியல் என்றெல்லாம் பல்கலைக்கழகங்கள் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே திருவில்லிபுத்தூரில் அதற்கு ஒரு துறைத்தலைவர் இருந்தார். பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் அவருடைய துறை இயங்கியது. அவர் படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி. அதில் கணக்குப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்பதைக் கடைசிவரை ராணுவ ரகசியமாகவே காத்தார்.

மிலிட்டரி என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கூமாப்பட்டிக்காரர். ராணுவ அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகள் தட்டச்சு செய்துவிட்டு 1979இல் ஊர் திரும்பி அந்த மாடியைப் பிடித்தார். வட்டாரத்தில் எம்.ஃபில்., பிஎச்.டி. செய்கிறவர்கள் ஆய்வேட்டைக் கையால் எழுதி அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். கீழேயிருந்து ஏறிவரும் நெய்வாசனை கார்பன் தாள்வரை பிடித்துவிடும். எங்கள் ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகத்தில் முதலில் புரட்டியவை எறும்புகள்தான்.

நல்ல தட்டச்சர் என்பவர் படிக்காமல் தட்டுவார். மிலிட்டரியிடம் இருந்த ஒரே கோளாறு, அவர் படிப்பார். போதாததற்கு, ராணுவ வழக்கப்படி ஒவ்வொரு ஆய்வேட்டிலும் ஒரு கார்பன் பிரதியை 'ஆபீஸ் காப்பி' என்று எடுத்து வைத்துக்கொள்வார். அவற்றைப் போட்டுவைக்க மூன்று தகரப் பெட்டிகள். முதல் பெட்டியின்மேல் சாக்பீஸால் 'பொம்பளைகளைப் பத்தி' என்று எழுதியிருக்கும். இரண்டாவதில் 'ஆம்பளைகளைப் பத்தி'. மூன்றாவதில் 'யார் யாரோட'. பொருளாதாரம், உளவியல், விலங்கியல் என்ற பாகுபாடுகளை அவர் அங்கீகரிக்கவில்லை.

முதல் பெட்டியை மூட முடியாமல் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். இரண்டாவதில் குடிப்பழக்கம் பற்றிய ஒரே ஓர் ஆய்வேடு. மீதி இடத்தில் குடை.

"ஆம்பளையப் பத்தி ஒருத்தரும் எழுத மாட்டேங்காகளே சார்" என்பார். "கேள்வி கேக்குத எடத்துலதான் இருக்கான். கேள்விக்குள்ள வர மாட்டேங்கான்."

ஒருமுறை உளவியல்காரர் ஒருவர், பிள்ளையைச் சுமப்பதும் பேணுவதும் பெண்ணின் இயற்கை என்று எழுதிக்கொண்டு வந்தார். அதே வாரம் விலங்கியல்காரர் ஒருவருடைய கடல்குதிரை ஆய்வேடு மேசையில் இருந்தது. அதில் குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமப்பது ஆண். மிலிட்டரி உளவியல்காரரை உட்காரவைத்து அந்த அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னார்.

"அது மீன் அண்ணாச்சி!"

"மீனுக்கு ஒரு இயற்கை, மனுசனுக்கு ஒரு இயற்கையா? அப்ப அந்த வார்த்தைய எடுத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

எடுத்தார், போட்டார். பட்டமும் வாங்கினார்.

மூன்றாவது பெட்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் மிலிட்டரியின் குரல் தணிந்துவிடும். "ஆம்பளைய விரும்புத ஆம்பளை ஒருத்தன் சார். சட்டம் படிக்கவரு ஆய்வேட்டுக் கட்டுல குத்தவாளி. மனோதத்துவக்காரரு கட்டுல நோயாளி. சமூகவியல்ல பிரச்சினை. வெலங்கியல்லதான், அப்படியும் உண்டுன்னு ஒரு வரி எழுதிட்டு அவன நிம்மதியா விட்டிருக்காக."

அதற்குள் மணி ஒன்று அடிக்கும். தங்கையா படியேறி வருவார், கையில் சாப்பாட்டு அடுக்கோடு. பேச்சு நின்றுவிடும்.

தங்கையா ஆலங்குளத்துக்காரர். மிலிட்டரி இருந்த அதே படைப்பிரிவில் சமையற்காரர். இருவரும் ஒரே ஆண்டில் வெளியே வந்து ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அவர் மிலிட்டரிக்கு யார் என்று ஊர் ஓரிரு ஆண்டு விசாரித்தது. பிறகு அவர் வைத்த அயிரைமீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு விசாரணையைக் கைவிட்டது.

இனி என் கதை. 1989. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். மார்ச் 31க்குள் எம்.ஃபில். ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் வேறு வேலை தேட வேண்டும். நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, போய்ப் பார்த்தால் நான்காவது அட்டவணைக்கு முன்னால் இயந்திரம் நின்றிருந்தது.

"இத அடிக்க மாட்டேன் சார். மனைவிமாரு அம்புட்டுப் பேரும் 'வேலை செய்யாதோர்'னு போட்டிருக்கீக."

"நான் போடல அண்ணாச்சி, அவங்க சொன்னது."

கயிற்றை அவிழ்த்து முதல் பெட்டியிலிருந்து ஓர் ஆய்வேட்டை எடுத்தார். மம்சாபுரத்துச் செல்வி என்ற மனையியல் மாணவி, பெண்களின் அன்றாட வேலைகளைப் பற்றி எழுதியது. "ஒரே தெரு சார். ஒரே பொம்பளைங்க. ஒங்க கட்டுல நாள் பூராவும் சும்மா இருக்காளுக. அந்தப் புள்ள கட்டுல செத்த நேரங்கூட உக்காரல. ரெண்டையும் நான்தான அடிச்சேன்? எந்தக் கை பொய்யி?"

வேறு தட்டச்சரிடம் போயிருக்கலாம். ராஜபாளையத்தில் ஒருவர் இருந்தார். மிக வேகமானவர், பக்கங்களையும் வேகமாகத் தாண்டிவிடுவார். ஆகவே வியாழக்கிழமை மிலிட்டரி கூட்டிய விசாரணைக்கு ஆஜரானேன். ராணுவத்தில் குற்றவாளி நிற்க வேண்டுமாம். நின்றேன். செல்விக்கு முக்காலி.

"நீங்க யாருகிட்ட சார் கேட்டீக?" என்றாள் செல்வி.

"வீட்டுக்காரர்கிட்ட."

"வீட்டுலயா?"

"இல்ல... மில் கேட்டுல. ஷிப்ட் விடுதப்ப."

செல்வி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "குத்தம் ருசுவாயிட்டு" என்றார் மிலிட்டரி.

தண்டனை, மீண்டும் அதே தெரு. சைக்கிளில் போனேன். முதல் வீட்டில் ஓர் அம்மாள் மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுருட்டியவை குவிந்திருந்தன. ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் உலை.

"என்ன வேலைம்மா செய்றீங்க?"

"நான் எங்க வேலைக்குப் போறேன்? சும்மாதான் இருக்கேன்."

"அப்ப இது?"

"இது சும்மா இருக்கப்ப செய்யுதது."

இதே பதில் பதினோரு வீடுகளில். பன்னிரண்டாம் வீட்டில் பதில் சொல்லவே அந்த அம்மாளுக்கு நேரமில்லை. எட்டு நாள் அலைந்து, அந்தப் பெண்கள் செய்யும் வேலைகளையெல்லாம் சேர்த்து அட்டவணையை மறுபடி போட்டேன். மிலிட்டரி அதைத் தட்டினார், விறைப்பாக உட்கார்ந்து, ஒரு பிழையும் இல்லாமல். மார்ச் 31 மாலை நான்கு மணிக்கு ஆய்வேட்டை ஒப்படைத்தேன், எறும்புகளோடு.

வாய்மொழித் தேர்வு நடத்த வந்தவர் நான்காவது அட்டவணையைப் பற்றி மட்டுமே பேசினார். "அருமை. ஆனால் இது பொருளாதாரம் இல்லை, மனையியல்." மிலிட்டரியிடம் சொன்னேன். "அந்த மனையியல் புள்ளய, இது பொருளாதாரம்னு சொல்லித்தான அனுப்புனாக!" என்றார்.

நிரந்தர ஆணை 1991 பிப்ரவரியில்தான் வந்தது. அதைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மிலிட்டரியும் தங்கையாவும் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பள்ளி ஆசிரியர் அதே நேரத்தில் வந்து சேர்ந்தார். மிலிட்டரியைக் குடும்பத் தலைவராக எழுதிக்கொண்டு தங்கையாவிடம் திரும்பினார்.

"என்ன வேலை பாக்கீக?"

தங்கையா கரண்டியோடு நின்றார். "நான் சும்மாதான் இருக்கேன் சார்."

"எழுதாதீக!" மிலிட்டரி எழுந்துவிட்டார். "நாலரைக்கு எந்திரிக்காரு சார் இவரு. தண்ணி, சமையலு, சாப்பாட்டத் தூக்கிட்டு மாடி ஏறுதது... இந்தா நிக்காரே பேராசிரியரு, அவருகிட்டக் கேளுங்க!"

ஆசிரியர் என்னைப் பார்த்தார். "சமையல் வேலை என்று போடுங்கள்" என்றேன். பொருளாதாரத்தில் நிரந்தரமானபின் நான் வழங்கிய முதல் தீர்ப்பு அதுதான்.

"சரி. தலைவருக்கு இவரு என்ன உறவு?"

நாற்பது ஆய்வேடுகளைத் தட்டிய விரல்கள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டன. எத்தனையோ பேராசிரியர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர் அவர். இந்தக் கேள்விக்கு விடை மூன்று பெட்டிகளிலும் இல்லை.

"அடிச்சுத் திருத்தலாமா சார்?" என்று மெல்லக் கேட்டார் மிலிட்டரி.

"எதை?"

"தலைவருங்கற எடத்துல அவரு பேரப் போடுங்க. நான் அவரு வீட்டுல இருக்கேன். நான் அவருக்கு என்ன உறவுன்னு நீங்களே பாத்து எழுதிக்கோங்க."

"சோறு ஆறுது, கிளார்க்கு" என்றார் தங்கையா. படைப்பிரிவில் இருந்த காலம்தொட்டு மிலிட்டரியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆசிரியர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார். தேதியும் கிழமையும் சரிபார்க்காமல் எதையும் விடாதவன் நான். அவர் என்ன எழுதினார் என்று மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.