கொலையாளியின் தகப்பனார் பெயர்

சங்கரன்கோவிலில் நடக்கிற கொலைகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கிளை நூலகத்தின் பின்பக்க அறையில் நடக்கும். துப்பறியும் நாவல் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த பதினோரு பேர் அங்கே கூடி, தாங்கள் புதிதாகப் படித்த கதைகளை ஒருவருக்கொருவர் பரிந்துரை செய்வார்கள். நடுவில் சுக்குக் காப்பியும் உண்டு.

வட்டத்தை ஆரம்பித்தவர் பேச்சிராஜ். செயலாளரும் அவரே. விடிகாலையில் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ எடை போடுவார். பத்து மணிக்கு மேல் கொலையைத் தவிர வேறு ஜோலி கிடையாது. செயலாளர் என்று ஆனபிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் சொல்லி ஒரு வட்ட முத்திரை செய்து வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அது எப்போதும் இருக்கும். பை எப்போதும் ஊதா நிறமாக இருக்கும்.

வட்டத்துக்கு அவர் எழுதிய விதி முக்கியமாக ஒன்றுதான். கதை சொல்லுகிறவர், பிணம் விழுந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கொலையாளி யார் என்பதை அவரவர் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விதியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்திருந்தார். தன் கல்யாண போட்டோவைக்கூட அவர் சட்டம் போட்டதில்லை.

அந்த நாட்களில் பேச்சிராஜுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. 'கைரேகை வடிவு' என்று புதிதாக ஒரு தொடர் வந்திருந்தது. எட்டு பாகம். வடிவு, ரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். முதல் பாகத்திலேயே அவள் புருஷனை யாரோ கொன்றுவிடுகிறார்கள். ஆள் யார் என்று எட்டாம் பாகம் கடைசியில்தான் தெரியும். முதல் பாகத்தைப் படித்த நாளிலிருந்து பேச்சிராஜுக்கு எடை போடும்போது கணக்குத் தப்பியது. மீதி ஏழையும் நூலகம் வாங்க வேண்டும், யாரும் முந்திச் சொல்லாமல் தானே படித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆனால் அலுவலகங்களில் வருஷத்துக்கு ஒரு மோஸ்தர் வரும். போன வருஷம் 'புன்னகையுடன் சேவை'. மேஜைக்கு மேஜை சிரிக்கிற மூஞ்சி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இந்த வருஷம் 'வெளிப்படைத்தன்மை'. அதை முன்னிட்டு நூல் பரிந்துரைகளுக்குப் புதிய படிவம் வந்து சேர்ந்தது. நூலகர் நிர்மலாதேவி அதைப் பேச்சிராஜிடம் நீட்டியபோது துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்திருந்தார்.

"மூணு பிரதி வேணும் அண்ணாச்சி. ஒரு பிரதிய பதினஞ்சு நாளு நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், ஆட்சேபணை வருதான்னு பாக்க. ஒம்பதாம் கட்டத்தப் பாருங்க."

பேச்சிராஜ் பார்த்தார். 'நூலில் குற்றம் இடம்பெற்றிருப்பின், குற்றவாளியின் பெயர் மற்றும் தகப்பனார் பெயர்.' பத்தாம் கட்டம்: 'மேற்படி குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்ததா? ஆம் / ஆம்.'

"போர்டுலயா? கொலைகாரன் பேரையா?" என்றார்.

மறுநாள் பூ மார்க்கெட் முடிந்த கையோடு, ஒன்பதாம் கட்டம் காலியாக இருந்த ஏழு படிவங்களோடு மேலிடத்துக்குப் போனார். நூல் பரிந்துரை ஆய்வு அலுவலர் ராஜதுரை நல்ல மனிதர். யார் போனாலும் உட்காரச் சொல்வார். போன வருஷத்து ஸ்டிக்கர் இன்னும் அவர் மேஜையில் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒம்பதாம் கட்டம் காலியா இருக்கே?"

"சார், புஸ்தகம் வந்தாத்தான படிக்க முடியும். படிச்சாத்தான ஆளு யாருன்னு தெரியும்."

"கொலைகாரன் யாருன்னு தெரியாத ஒரு புஸ்தகத்த அரசாங்கக் கட்டடத்துக்குள்ள எப்படிவே விட முடியும்? பொம்பளைக, பிள்ளைகள்லாம் வந்து போற இடம்."

"புஸ்தகத்த வாங்கித் தந்தா, படிச்சுட்டு எழுதித் தாரேன் சார்."

"படிவம் பூர்த்தியானாத்தான் வாங்க முடியும்."

"சரி, தகப்பனார் பேரு எதுக்கு?"

"ஒரே பேருல ரெண்டு பேரு இருந்துட்டா? ஒரு அப்பாவி மேல பழி விழுந்துரக் கூடாதுல்லா."

பேச்சிராஜ் படிவங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து ஒரு டீ குடித்தார். கட்டத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்றுதான் அரசாங்கம் கேட்கிறது, அது சரியான பெயராக இருக்க வேண்டும் என்று படிவத்தில் எங்கேயும் இல்லை என்பது இரண்டாவது டீயில் அவருக்கு விளங்கியது. தகப்பனார் பெயரோடு அவருக்கு ஞாபகத்தில் இருந்தது வட்டத்து ஆட்கள்தான். எனவே ஏழு கொலைகளையும் முறையாகப் பங்கு வைத்தார். ஓய்வு பெற்ற நர்ஸ் ஜெயபாய்க்கு மூன்று, லாரி மெக்கானிக் மூக்காண்டிக்கு இரண்டு. தனக்கும் இரண்டு எடுத்துக்கொண்டார். எட்டாம் பாகத்துக் கொலையைத் தானே வைத்துக்கொண்டது ஒரு பிரியத்தினால்தான்.

படிவங்கள் போர்டில் ஏறியதும் ஊரே நின்று படித்தது. ஜெயபாய் நேராகப் பூ மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன் அண்ணாச்சி? கோயிலுக்குப் போனா பாஸ்டரம்மா ஒரு மாதிரிப் பாக்காவ. அது என்ன, எனக்கு மட்டும் மூணு?"

"ஊசி போட்ட கையில்லா சிஸ்டர். நம்புற மாதிரி இருக்கணும்லா."

ஆட்சேபணை ஒன்றே ஒன்று வந்தது. எழுதியவர் மூக்காண்டியின் மனைவி பொன்மணி. 'என் வீட்டுக்காரர் எடுத்த வேலை எதையும் இதுவரை முடித்தது கிடையாது. அவர் இரண்டு கொலை செய்து முடித்தார் என்பது நம்பும்படியாக இல்லை' என்று விவரமாக எழுதியிருந்தார். பதினாறாம் நாள் கிடைத்தது என்பதால் அது நிராகரிக்கப்பட்டது. மூக்காண்டியின் குற்றம் உறுதியானது.

ஏழு பாகங்களும் வந்து இறங்கின. அடுத்த இரண்டு மாதம் வட்டத்துக்குப் பொற்காலம். நூலகத்தில் வடிவுக்கு வரிசை நின்றது. போர்டில் இருப்பது பொய் என்று தெரிந்ததும், நிஜம் எது என்று பார்க்கக் குருவிகுளத்திலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். பேச்சிராஜ் ஏழாம் பாகத்தை முடித்து, எட்டாம் பாகத்துக்காகக் குளித்துவிட்டு வந்தார். மேஜைக்குப் பின்னால் நிர்மலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டாம் பாகத்த வந்த அன்னைக்கே சரிபார்க்கன்னு ராஜதுரை சாரு எடுத்துட்டுப் போனாருல்லா, இப்பதான் திரும்பி வந்துது. ஒம்பதாம் கட்டத்துல உங்க பேரு இருக்கு. புஸ்தகத்துல வேற ஆளாம். முரண்பாடாம்."

"சரி, என் பேர அடிச்சுட்டுப் போகட்டும். புஸ்தகத்தத் தாங்க."

தந்தார். கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. பிளேடால் சுத்தமாக நறுக்கியிருந்தது. அந்த இடத்தில் ஒரு சீட்டு: 'முரண்பாட்டுக்கான ஆதாரமாக மேற்படி பக்கங்கள் கோப்பில் இணைக்கப்பட்டுள்ளன.'

பேச்சிராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன நாளில்கூட அவர் அப்படி அழுததில்லை.

சரி, அரசாங்கத்தை அரசாங்க வழியிலேயே மடக்குவோம் என்று தகவல் கேட்டு மனுப் போட்டார். 'கைரேகை வடிவின் புருஷனைக் கொன்றவர் யார்?' முப்பதாம் நாள் பதிவுத் தபாலில் பதில் வந்தது. 'தாங்கள் கோரும் தகவல் மூன்றாம் நபர் ஒருவரைப் பற்றியது. மேற்படி நபர், அதாவது கொலையாளி, எழுத்து மூலம் சம்மதம் தெரிவிக்கும் பட்சத்தில் தகவல் வழங்கப்படும்.' பேச்சிராஜ் அதை நாலு தரம் படித்தார். சம்மதக் கடிதம் வாங்கப் போகலாம் என்றால், யாரிடம் போவது?

ஊரில் விடை தெரிந்த ஒரே ஆள் ராஜதுரை. அவர் நிலைமையும் நன்றாக இல்லை. பிறந்ததிலிருந்து சுற்றறிக்கை தவிர எதையும் படிக்காதவர், முரண்பாட்டைக் கண்டுபிடிக்கப் போய், எட்டாம் பாகத்தை ஒரே இருப்பில் படித்து முடித்திருந்தார். கொலையாளியின் பெயர் அவர் வாய்க்குள் நிற்கமாட்டேன் என்றது. வீட்டம்மாளிடம் சொல்லப் போனால் அவர் டிவியைச் சத்தமாக வைத்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசகர் வட்டத்துக்கே வந்துவிட்டார்.

"நானும் ஒரு புஸ்தகம் பரிந்துரை பண்ணலாமா?"

பண்ணலாம் என்றார்கள். எழுந்து நின்றார். என்னமாய்ச் சொன்னார்! தறிக்கூடத்து இருட்டையும் வடிவின் பூதக்கண்ணாடியையும் கண் முன்னால் கொண்டுவந்தார். சுக்குக் காப்பி ஆறிப்போனது. பிணம் விழுந்தது.

"வடிவோட புருஷனக் கொன்னது யாருன்னா..."

"உக்காருங்க சார்!" என்றார்கள் பத்துப் பேரும்.

"இல்ல, சொல்லட்டும்!" என்று கத்தியது யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சிராஜ்தான். எழுந்து நின்றிருந்தார், கண்ணில் தண்ணீர். "சார், சொல்லுங்க சார். காதுலயாவது சொல்லுங்க."

ராஜதுரையும் காதுப் பக்கம் குனிந்துவிட்டார். ஜெயபாய் குறுக்கே வந்து நின்றார். மூன்று கொலை செய்த அம்மாள். அவர் நிற்கிற தினுசே வேறு.

"அண்ணாச்சி, சுவத்துல என்ன போட்டிருக்கு? யாரு கையெழுத்து அது?"

"சிஸ்டர், நான்தான எழுதுனேன். நானே சொல்லுதேன், இந்த ஒரு தரம்..."

"வாயால சொன்னா ஆச்சா? கீழ சின்ன எழுத்துல என்ன இருக்கு, படிங்க."

பேச்சிராஜ் படித்தார். 'விதிவிலக்கு தேவைப்படுவோர் செயலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும்.' ராஜதுரை சுவர்ப் பக்கம் போய் அதை மரியாதையோடு ஒருமுறை பார்த்தார். பிறகு, இத்தனை ஒழுங்காக எழுதிய ஒரு விதியைத் தன்னால் மீற முடியாது என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரியே பேச்சிராஜ் விண்ணப்பம் எழுதினார். அனுப்புநர் பேச்சிராஜ். பெறுநர் உயர்திரு செயலாளர் அவர்கள். கல்நெஞ்சும் கரைகிற மாதிரி இரண்டு பக்கம்.

திங்கட்கிழமை பூ மார்க்கெட் முடிந்ததும், நூலகத்துப் பின்னறையில் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வந்திருந்த தபாலைப் பிரித்தார். ஒரே விண்ணப்பம்தான். முதல் வரியிலேயே அவருக்கு மனசு இளகியது. பாவம், நல்ல வாசகர். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். மூன்று பிரதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரதிதான் இருந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்து, 'குறைகளை நிவர்த்தி செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதி, முத்திரையை நன்றாக ஊதி அழுத்தமாகக் குத்தினார்.